தின்ற கிழங்கும் நட்ட கிழங்கும்

டியூலிப் கிழங்கை எப்படிச் சமைப்பது என்பதற்கு ஒரு காலத்தில் செய்முறைக் குறிப்புகள் இருந்தன. தோலை உரிக்க வேண்டும். இரண்டாகப் பிளக்க வேண்டும். நடுவில் மஞ்சளாக நிற்கும் சிறு குருத்தைக் கத்தி முனையால் தோண்டி எறிந்துவிட வேண்டும். அது நஞ்சு, வயிற்றுக்கு ஆகாது. மிச்சத்தைக் கழுவி, உருளைக்கிழங்கை அவிப்பது போலவே அவித்து மசித்து உண்ணலாம். சூப் வைக்கலாம். உலர்த்தி அரைத்தால் ரொட்டிக்கும் மாவு கிடைக்கும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி நகரங்களில், ஆம்ஸ்டர்டாமிலும் ரோட்டர்டாமிலும் ஹேக்கிலும், சனங்கள் பூவின் கிழங்கை இப்படித்தான் தின்று உயிரைக் காத்துக்கொண்டார்கள்.

எறியச் சொன்ன அந்த மஞ்சள் குருத்து எது என்பது, ஒட்டாவாவில் கிழங்கு நடும் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. டியூலிப்பின் பூ வசந்தத்தில் உருவாவதில்லை. முந்தின கோடையில், தோண்டியெடுத்த கிழங்கு கொட்டிலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த வருடத்துக்கான இலையும் மொட்டும் அதன் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் அமைந்துவிடுகின்றன. சுற்றியிருக்கும் வெள்ளைச் சதை முழுவதும் அந்த மொட்டை வளர்த்தெடுக்கச் செடி சேர்த்துவைத்த மாப்பொருள். பசித்தவர்கள் மொட்டை எறிந்துவிட்டு அதற்கென்று இருந்த சாப்பாட்டைத் தாங்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். மே மாதத்தில் ஒட்டாவா நகரம் முழுக்க டியூலிப் பூக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இந்த நகரத்துக்கு அந்தப் பூ இத்தனை லட்சமாக வந்து சேர்ந்ததற்கும் அந்தப் பட்டினிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அது மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் தெற்கு நெதர்லாந்துக்குள் வந்துவிட்டன. ஆனால் ஆர்னெம் பாலத்தைப் பிடிக்க எடுத்த முயற்சி தோற்றதால் நாட்டின் வடக்கும் மேற்கும் ஜெர்மானியர் பிடியிலேயே தங்கிவிட்டன. அந்தத் தாக்குதலுக்கு உதவியாக, லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசு ரயில்வே தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொல்லியிருந்தது. ஏறக்குறைய 30,000 பேர் வேலையை விட்டு மறைந்தார்கள். அதற்குத் தண்டனையாக ஆக்கிரமிப்பு நிர்வாகம் மேற்கு நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தது. சில வாரங்களில் படகில் மட்டும் கொண்டுபோகலாம் என்று தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் குளிர் கடுமையாகிக் கால்வாய்கள் உறைந்துபோயின. நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த தெற்குப் பகுதி போர்முனைக்கு அப்பால் போய்விட்டதால் காஸும் மின்சாரமும் நின்றன. 1945 பிப்ரவரி முடிவில் பங்கீட்டு அட்டைக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த உணவு 600 கலோரிக்கும் கீழே இறங்கியது. வளர்ந்த ஒருவருக்குத் தேவையானதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 20,000 பேர் பட்டினியாலும் குளிராலும் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் வீதி மரங்களை வெட்டி எரித்தார்கள். டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த மரக்கட்டைகளை இரவில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். முகாம்களுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வராத யூதர்களின் வீடுகள் வெறுமனே கிடந்தன. அவற்றின் கூரை மரமும் படிக்கட்டும் தரைப்பலகையும் அடுப்புக்குப் போயின. கணவர்களை ஜெர்மனிக்கு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்ததாலோ, பிடித்துவிடுவார்கள் என்று அவர்கள் ஒளிந்திருந்ததாலோ, பெண்கள்தான் சைக்கிள்களில் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். டயர் இல்லாத சைக்கிள்கள். வெறும் இரும்பு வளையத்தில் ஓடின. மேசை விரிப்பையும் கட்டில் விரிப்பையும் கல்யாண மோதிரத்தையும் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கித் திரும்பினார்கள். வழியில் சோதனைச் சாவடியில் அதையும் பறிகொடுத்தவர்கள் உண்டு.

ஹார்லெமுக்கும் லைடனுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் டியூலிப் வயல்களுக்குப் பெயர்போனது. போர்க்காலத்தில் பூ வயல்களைக் குறைத்து உணவுப் பயிர் இட வேண்டியிருந்தது. வெளிநாட்டுச் சந்தைகளும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. விற்காத கிழங்குகள் கொட்டில்களில் குவிந்திருந்தன. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு, 1637-இல், இதே ஊர்களில் ஒரேயொரு அபூர்வக் கிழங்குக்கு ஒரு வீட்டின் விலை பேசியிருக்கிறார்கள். இப்போது அது காய்கறிக் கடையில் கிலோக் கணக்கில் வந்தது.

எங்கள் நடவுக் குழுவை மேற்பார்வை செய்தவர் ஒரு டச்சுக்காரர். போருக்குப் பின் கனடாவுக்குக் குடிவந்த ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட டச்சு மக்களில் அவர் குடும்பமும் ஒன்று. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒன்பது வயதாம். அவரிடம் நான்தான் கேட்டேன், கிழங்கு எப்படி இருந்தது என்று. முதல் வாயில் இலேசான இனிப்பு, பிறகு தொண்டையில் ஒரு காறல், பழைய கிழங்காக இருந்தால் ஈர மரத்தூளை மெல்வது போல இருக்கும் என்றார். அம்மா கிழங்கைப் பிளந்து நடுவை எடுத்துப்போட, அந்த மஞ்சள் குருத்துகளை எண்ணுவது அவருடைய வேலை. கிழங்குக்கு ஒன்று என்று எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அம்மா பானைக்குள் கையை விட்டுத் தேடுவாராம். இதைச் சொல்லிவிட்டு, நான் குத்தியிருந்த குழியின் ஆழம் போதாது என்று காட்டி இன்னும் தோண்டச் சொன்னார்.

அவர் சொன்னது எனக்கு அந்நியமாகவே இல்லை. யாழ்ப்பாணத்தில் பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடி விடுவோம். விட்டுவைத்தால் அது பனையாகும். சில மாதத்தில் கிண்டினால் கிழங்கு. கிழங்கை அவித்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை உருவி எறிந்துவிட்டுத்தான் தின்போம். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவையும் தண்ணீரில் ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கூழ் காய்ச்ச வேண்டும். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று தடைசெய்யப்பட்ட சாமான்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து விளக்கெரித்துப் படித்த பிள்ளைகள் நாங்கள். வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றுவோம். அந்த வருடங்களில் அம்மம்மாவின் ஒடியல் பானைதான் எங்கள் வீட்டின் தைரியம். ஆகவே தோட்டத்தில் ஒரு டச்சுக்காரர் குருத்து எண்ணிய கதையைச் சொன்னபோது, அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும் என்றே தோன்றியது.

1945 வசந்தம் நெதர்லாந்துக்கு மேலிருந்து வந்தது. ஜனவரி முடிவில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் மாவும் மார்ஜரினும் கொண்டுவந்தன. அந்த மாவில் சுட்ட வெள்ளைப் பாணை இறக்கும் வரை மறக்காதவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் அது போதவில்லை. ஏப்ரலில் ஜெர்மானிய நிர்வாகத்துடன் பேசி, உணவு போடும் விமானங்களைச் சுடுவதில்லை என்று ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். கையெழுத்து இன்னும் விழாத நிலையில், ஏப்ரல் 29 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. மே தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களும் சேர்ந்துகொண்டன. பத்து நாளில் 10,000 டன்னுக்கு மேல் உணவு வானத்திலிருந்து இறங்கியது. அதே நாட்களில் கனடியப் படையின் லாரிகள் தரை வழியாகவும் உணவு கொண்டுபோயின. அது டியூலிப் பூக்கும் பருவம். பூக்களால் நன்றி என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக வயலில் எழுதிவைத்திருந்ததை மேலே பறந்த விமானத்திலிருந்து எடுத்த படம் இன்றும் இருக்கிறது. தின்றது போக நிலத்தில் மிஞ்சியிருந்த கிழங்குகளின் பூக்கள் அவை. பசி இன்னும் தீராத வயிற்றோடு எழுந்து போய், பூவால் எழுத்து எழுதி நன்றி சொல்லலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மே 5 அன்று வாகெனிங்கன் நகரத்து விடுதி ஒன்றில் கனடிய ஜெனரல் சார்லஸ் ஃபோக்ஸ் முன்பு ஜெர்மானியப் படையின் சரணடைவு முடிவானது. நெதர்லாந்தை மீட்கும் சண்டைகளில் 7,600-க்கு மேற்பட்ட கனடியர் இறந்தார்கள்.

ஒட்டாவாவில் எல்லாரும் முதலில் சொல்லும் கதை வேறு. 1940-இல் நெதர்லாந்து வீழ்ந்ததும் பட்டத்து இளவரசி யூலியானா தன் இரண்டு பெண் குழந்தைகளோடு இங்கே அடைக்கலம் புகுந்தார். ராக்கிளிஃப் பகுதியில் ஸ்டோர்னொவே என்ற வீட்டில் இருந்தார். இன்று அது கனடிய எதிர்க்கட்சித் தலைவரின் வசிப்பிடம். மூன்றாவது குழந்தை 1943 ஜனவரி 19 அன்று ஒட்டாவா சிவிக் மருத்துவமனையில் பிறந்தது. கனடிய மண்ணில் பிறந்தால் குழந்தைக்கு இங்குள்ள குடியுரிமையும் ஒட்டிக்கொள்ளும். அதனால் முழு டச்சுக் குடிமகளாக இருப்பதில் சிக்கல் வரும். எனவே, அந்தப் பிரசவம் நடக்கும் இடம் கனடாவின் சட்ட எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படும் என்று அரசு முன்கூட்டியே பிரகடனம் செய்தது. அறையை நெதர்லாந்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டதாகச் சிலர் சொல்வது சரியல்ல. யாருடைய மண்ணும் அல்லாமல் ஆக்கினார்கள், அவ்வளவுதான். நாடாளுமன்றக் கோபுரத்தில் டச்சுக் கொடி பறந்தது. குழந்தைக்கு மார்க்ரீட் என்று ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட பூ அது. டச்சு வணிகக் கப்பல் மாலுமிகள் குழந்தையின் ஞானப் பெற்றோராக நின்றார்கள்.

அழகான கதை, மறுக்கவில்லை. ஆனால் என் மனம் நிற்கும் இடம் 1945 இலையுதிர்காலம். நாட்டுக்குத் திரும்பிய யூலியானா ஒட்டாவாவுக்கு 1,00,000 டியூலிப் கிழங்குகளை அனுப்பினார். அந்த நேரத்தில் நெதர்லாந்து எப்படிக் கிடந்தது என்று பாருங்கள். பாலங்கள் இல்லை, ரயில் இல்லை, கடல்நீர் புகுந்த வயல்கள், பங்கீட்டு அட்டை இன்னும் கையில். அந்த வருடத் தொடக்கத்தில் சனங்கள் அவித்துத் தின்ற அதே பொருளைத்தான் அந்த வருட முடிவில் பெட்டி பெட்டியாக அடுக்கி நன்றியாக அனுப்பினார்கள். எட்டு ஒன்பது மாத இடைவெளியில் ஒரு கிழங்கு உணவாக இருந்து மறுபடி பூவாகியிருக்கிறது. போரிலிருந்து ஒரு நாடு எழுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் அறியேன். இளவரசியின் பெயரில் வந்த பரிசு என்றாலும், அது எனக்கு அந்தக் கொட்டில்களில் கிழங்கை எண்ணிக் கட்டிய கைகளின் பரிசாகவே படுகிறது. அந்தக் கைகளும் முந்தின குளிர்காலத்தில் பசித்தவைதான்.

அடுத்த வருடம் இன்னும் 20,500 கிழங்குகள் வந்தன. அவற்றில் ஒரு பகுதியை மார்க்ரீட் பிறந்த மருத்துவமனை வளவில் நட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல செய்கை என்று வரலாற்றில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். நிற்கவில்லை. ஆண்டுதோறும் அரச குடும்பத்திடமிருந்து 10,000, டச்சுக் கிழங்கு விவசாயிகள் சங்கத்திடமிருந்து 10,000 என்று இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. அவற்றோடு மேலும் வாங்கி, ஏறக்குறைய 10 லட்சம் கிழங்குகளை நடுகிறார்கள். டௌஸ் ஏரிக்கரைப் பூங்காவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கும்.

பூ விழாவைத் தொடங்கிவைத்தவர் டச்சுக்காரரும் அல்ல, கனடாவில் பிறந்தவரும் அல்ல. மலாக் கார்ஷ் என்ற ஆர்மேனியர். உதுமானியப் பேரரசின் மார்தின் நகரத்தில் 1915-இல் பிறந்தவர். ஆர்மேனியர்கள் கொன்று குவிக்கப்பட்ட அதே வருடம். தப்பிய குடும்பம் சிரியாவின் அலெப்போவுக்குப் போனது. அங்கிருந்து முதலில் அண்ணன் யூசுஃப், பிறகு 1937-இல் தம்பி மலாக் கனடா வந்தார்கள். யூசுஃப் கார்ஷ் எடுத்த சர்ச்சிலின் படத்தை அறியாதவர்கள் குறைவு. மலாக் மனிதர்களின் முகங்களை அண்ணனுக்கு விட்டுவிட்டு, ஆற்றையும் மரத்தையும் பூவையும் எடுத்தார். ஒட்டாவா ஆற்றில் மரத்தடிகள் மிதந்து போகும் அவருடைய படம் கனடாவின் ஒரு டாலர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. வசந்தம்தோறும் அவர் டியூலிப்பைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். இதற்கு ஒரு விழா எடுக்க வேண்டும் என்று நகர வணிகர் சங்கத்திடம் அவர் சொன்ன யோசனைதான் 1953-இல் நடைமுறைக்கு வந்தது. டியூலிப்பும் மத்திய ஆசியாவிலும் அனத்தோலியாவிலும் காட்டுப்பூவாக இருந்து, இஸ்தான்புல் தோட்டங்கள் வழியாக ஐரோப்பா போனதுதான். 1593-இல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் குளூசியஸ் நட்டதிலிருந்து டச்சுக் கதை தொடங்குகிறது. பூவும் அதற்கு விழா எடுத்த மனிதரும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து புறப்பட்டு, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியாக ஒட்டாவா வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஓர் அகதியின் கண்ணுக்குத்தான் இந்தப் பூவின் பொருள் முழுதாகப் புரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நடவு அக்டோபரில். மேப்பிள் இலைகள் பழுத்து உதிர்ந்து, காலையில் புல் மேல் வெண்பனி படியத் தொடங்கும் நேரம். பெட்டிகளில் வரும் கிழங்குகள் வகைவாரியாகப் பெயர் ஒட்டிப் பிரிந்திருக்கும். பாத்தியில் கயிறு கட்டி, கட்டையடித்து, எந்த நிறம் எங்கே என்று வரைபடத்தைப் பார்த்து முதலில் மண்மேல் பரப்புவோம். பிறகு முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக, கூர்முனை மேலே பார்க்க, ஒரு சாணுக்குக் கிட்டத்தட்டக் குழி பறித்து இறக்குவோம். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். அணில்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். டாஃபடில் கிழங்கை அவை தொடாது. டியூலிப் அவற்றுக்கு நல்ல தீனி. பசியின் கதை அவற்றுக்கும் தெரியும். நட்டு முடித்து மண்ணைச் சமன்படுத்திவிட்டால் பாத்தியில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். அதன்மேல் ஸ்நோ விழும். ஐந்து மாதம் அப்படியே.

எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கனடாவின் குளிர் ஒரு தண்டனை. எனக்கும் முதல் வருடங்களில் அப்படித்தான். டியூலிப்புக்கோ குளிர் கட்டாயம். பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் நல்ல குளிர் கிடைத்தால்தான் கிழங்குக்குள் இருக்கும் மாப்பொருள் சர்க்கரையாக மாறும், தண்டு நீளும், மொட்டு மேலே வரும். குளிர் போதாத நாடுகளில் கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்து ஏமாற்றித்தான் பூக்கவைக்கிறார்கள். இதை அறிந்த பிறகு ஜனவரியில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போதுகூட, காலடியில் எங்கோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஓர் ஆறுதலாக இருந்திருக்கிறது. பூத்து முடிந்ததும் ஜூனில் பாத்திகளிலிருந்து டியூலிப்பைப் பிடுங்கிவிட்டுக் கோடைப் பூச்செடிகளை வைப்பார்கள். அக்டோபரில் மறுபடி புதிய கிழங்கு. ஒருமுறை நட்டுவிட்டு விட்டுவிடும் நன்றி அல்ல இது. வருடா வருடம் யாரோ அனுப்ப வேண்டும், யாரோ குனிய வேண்டும்.

2009 வசந்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியாது. ஏப்ரலில் ஒட்டாவா நாடாளுமன்ற முன்றலில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கூடியிருந்தோம். இறுதிப் போரில், வன்னியில் சனம் கடற்கரையோரத்துச் சிறு துண்டு நிலத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தது. பதாகையோடு நின்ற எங்களுக்குப் பக்கத்திலேயே பாத்திகளில் டியூலிப்பின் பச்சை முனைகள் மண்ணைப் பிளந்து வந்துகொண்டிருந்தன. நான் என் கையால் நட்ட இடங்களும் அவற்றில் உண்டு. மே மாதத்தில் அவை முழுதாகப் பூத்தபோது முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருடம் அந்த நிறங்களைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பூக்களுக்குக் கூச்சமே இல்லையா என்று தோன்றியது.

அந்த நிலத்துண்டில் கடைசி வாரங்களில் சனத்துக்குக் கிடைத்த உணவு கஞ்சி. அரிசியும் உப்பும் தண்ணீரும். தேங்காய் அகப்பட்டால் கொஞ்சம் பால். அதற்கும் வரிசை. உணவு வழங்கிய வரிசைகள் மேல் செல் விழுந்ததை ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இன்று மே 12 முதல் 18 வரை, ஊரிலும் தமிழர் வாழும் நாடுகளிலும், அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். முள்ளிவாய்க்கால் கஞ்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கறி இல்லை, தாளிப்பு இல்லை. பலர் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள்.

ஒட்டாவா டியூலிப் விழாவும் மே மாதத்தின் நடுவில்தான் வருகிறது. முதலில் இந்தப் பொருத்தம் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. டச்சு மேற்பார்வையாளரின் மஞ்சள் குருத்துகள் நினைவுக்கு வந்த பிறகுதான் பூக்களின் மேலிருந்த கோபம் மெல்ல விலகியது. அந்தப் பாத்திகளில் நிற்பதும் பட்டினியின் நினைவுதான். அதை அவர்கள் கிழங்காகவே வைத்துக்கொண்டிருக்கவில்லை, பூக்கவிட்டார்கள். நாங்கள் கஞ்சியைக் கஞ்சியாகவே வைத்திருக்கிறோம். எங்கள் காயத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கொடுத்த கையும் மீட்ட படையும் எங்கள் கதையில் இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நன்றி சொல்ல ஆட்கள் இல்லாமல் இல்லை. பதுங்கு குழிக்குள் தன் பங்கைப் பக்கத்துக் குழந்தைக்கு ஊற்றிய பெண்கள் இருந்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கடைசி மூட்டை அரிசியையும் பொதுப் பானையில் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் இன்னும் ஒரு கிழங்கும் அனுப்பவில்லை.

நெதர்லாந்தில் ஹோல்டன் என்ற ஊரில் கனடிய வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1,300-க்கு மேற்பட்ட கல்லறைகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்து ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போர் தெரியாது, பசி தெரியாது. அவர்களின் பெற்றோருக்கும் தெரியாது. ஆனாலும் கல்லில் இருக்கும் பெயரையும் வயதையும் படித்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். வன்னியில் எங்கள் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்கள் புல்டோசரால் மட்டமாக்கப்பட்டவை. படிக்கப் பெயர் இல்லாத இடத்தில் பானைதான் மிச்சம். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுப்பதை நான் மெழுகுவர்த்தி ஏற்றக் கற்றுக்கொடுப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2020 நெதர்லாந்து விடுதலையின் 75ஆம் ஆண்டு. பெரிய விழாவுக்கு எல்லாம் தயாராக இருந்தபோது கொரோனா வந்தது; விழா இணையத்துக்குப் போனது. முந்தின அக்டோபரில் நட்டவை மட்டும் தம் பாட்டில் பூத்தன. முதியோர் இல்லங்களில் மரணம் கூடிய வசந்தம் அது. அந்தத் தலைமுறையில் கிழங்கு தின்றவர்களும், விமானத்திலிருந்து உணவு போட்டவர்களும், லாரி ஓட்டியவர்களும் இருந்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் முகக்கவசத்தோடு ஏரிக்கரையில் தூரத்தே நடந்து போனேன். அந்த வருடம்தான், 2009-க்குப் பிறகு முதல்முறையாக, டியூலிப் பூத்ததற்கு எனக்கு மனதாரச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது மே மாதக் கஞ்சிக்கு எங்கள் வீட்டுக்கு வரும் கனடிய நண்பர்களிடம் நான் முள்ளிவாய்க்காலில் தொடங்குவதில்லை. 1945-இலிருந்து தொடங்குகிறேன். கிழங்கை எப்படிப் பிளப்பது, எதை எறிவது, எவ்வளவு கலோரி, எத்தனை விமானம் என்று சொல்லிக்கொண்டு வந்து, பிறகு பானையைத் திறக்கிறேன். போன முறை வந்த ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்குள் வேறு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அரிசி, உப்பு, தண்ணீர் என்றேன். தேங்காய்ப்பால் சேர்க்கலாமா என்று என் மகள் கேட்டதையும், அகப்பட்டவர்கள்தான் சேர்த்தார்கள், இந்தப் பானைக்கு அகப்படவில்லை என்று நான் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் இன்னொரு சிரட்டை கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அக்டோபரில் நடவுக்கு ஆள் எடுப்பார்களா, வெளியாட்களும் போகலாமா என்று விசாரித்தார்.